யாருக்கும் வேண்டாத பசூன் தாள்

அத்தியாயம் 5

"களவெடுக்கிறவனுக்கும் ஒரு ரசனை வேண்டாமோ அக்கா?" என்றான் லவன். "வயலின்ர தாளை எடுத்திருந்தாலும் ஒரு மரியாதை. போயும் போயும் பசூன்! பேரைக் கேட்டாலே வயித்துக் கோளாறு மாதிரிக் கிடக்கு."

பசூன் என்றால் ஆளுயர மரக் குழல் வாத்தியம் என்பதே கலாவதிக்கு அன்றுதான் தெரியும். காப்புறுதிக் கொம்பனி ஒன்றில் மோசடி பிடிக்கும் வேலையில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு, பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைப் பகுதியான லா ஷப்பெல்லில் ஒரு நகைக்கடைக்கு மேலே சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் போட்டவள் அவள். சங்கீதம் அவளுக்கு ஆகாது. கலியாண வீட்டில் பாட்டுக் கோஷ்டி மைக்கைத் தட்டிப் பார்க்கும்போதே சாப்பாட்டுப் பந்திக்கு எழும்பிப் போகிற ஆள்.

வெளியே பாலத்தில் மெத்ரோ ரயில் ஓடியது. சுவரில் மாட்டியிருந்த துப்பறிவாளர் உரிமப் பத்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. லவன் எழுந்துபோய் நேராக்கினான். பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவன், அக்காவிடம் உதவியாளனாகச் சேர்ந்த பிறகும் ஓரிடத்தில் இருக்கப் பழகவில்லை. ஆனால் இன்று அவனையும் தோற்கடிக்க ஒருத்தி வந்திருந்தாள். எதிர் நாற்காலியில் பிரவீணா உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலுக்குப் போனாள், ஃபோனைப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலன்னா மதாம் போலீஸ்ல கம்ப்ளெயின்ட் குடுத்துருவாங்க மேடம். திருட்டுக் கேஸ்னா என் ரெசிடென்ஸ் கார்டை ரினியூ பண்ண மாட்டாங்க. தீசிஸ் அப்படியே நிக்கும். நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்."

விஷயம் இதுதான். பியேர் லுப்ரேவால் என்று ஒருவர். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு பிரபுவின் மாளிகையில் இசை உத்தியோகம் பார்த்தவர். பிரபு சாப்பிடும் வேளைக்கென்று சிம்பொனிகள் எழுதினார். அவை பிரபுவின் ஏப்பத்தில் அமுங்கின. அதன்பின் உலகம் அவரை ஒழுங்காக மறந்தது. இருநூற்றுச் சொச்சம் வருடங்கள் நிம்மதியாகப் படுத்திருந்த மனிதரை 'லுப்ரேவால் மறுகண்டுபிடிப்புச் சங்கம்' தட்டி எழுப்பிவிட்டது. சங்கத்தின் தலைவி மதாம் ஜெனவியேவ். உபதலைவரும் உண்டியலும் சென்னைக்காரர் வைத்தியநாதன். மென்பொருள் கொம்பனி இயக்குநர். காலைச் சாப்பாட்டுக்கும் கழுத்தில் 'போ டை' என்னும் வண்ணத்துப்பூச்சிப் பட்டி கட்டுகிறவர் என்று கேள்வி.

புறநகரான ஆர்ஜொந்தெய்யில் பழைய வீடொன்றைக் காலி செய்தபோது பரணில் அகப்பட்டதென்று வைத்தியநாதன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே லுப்ரேவாலின் தொலைந்துபோன சிம்பொனி. அந்தக் காலத்து வழக்கப்படி முழுப் புத்தகமாக இல்லை. வாத்தியத்துக்கு ஒன்றாகத் தனித்தனிக் கையெழுத்துத் தாள்கட்டுகள். ஆய்வு மாணவி பிரவீணா அவற்றைச் சேர்த்துப் படித்து, 'இது லுப்ரேவாலேதான்' என்று குறிப்பு எழுதினாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை கச்சேரி. செவ்வாய்க்கிழமை பசூன் தாள்கட்டு மட்டும் காணாமல் போனது. பெட்டி அன்று பிரவீணாவின் பொறுப்பில் இருந்தது.

"பெட்டி உம்மட கையை விட்டுப் போகேல்லையோ?" என்று கேட்டாள் கலாவதி.

"போகவே இல்ல மேடம். லா கூர்னெவ்ல ரிகர்சல். பெட்டியோட ஆர்.இ.ஆர் ட்ரெயின்ல ஏறினேன், கார் து நோர் ஸ்டேஷன்ல இறங்கினேன், நேரா லைப்ரரி."

"வழியிலை ஆரிட்டையும் குடுக்கேல்லை?"

"இல்ல. கார் து நோர்ல என் டிக்கெட் வேலை செய்யல. கவுன்ட்டருக்குப் போன நேரம் கூட வந்த சார் வச்சிருந்தார். அது கணக்கில்ல."

"எந்தச் சார்?"

"வைத்தியநாதன் சார்தான் மேடம்."

"ஏன் கணக்கில்லை?"

பிரவீணாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சார்தானே," என்றாள்.

கலாவதி லவனைப் பார்த்தாள். லவன் கூரையைப் பார்த்தான். காப்புறுதிக் காலத்திலிருந்தே அக்கா சொல்லும் விஷயம்: சாட்சி சொல்லும் ஆட்கள் பொய்யை விட மரியாதையால்தான் அதிகம் மறைப்பார்கள்.

"ஆனால் அவர்தானே இதைக் கண்டெடுத்த ஆள்," என்றான் லவன். "தன்ர மாட்டைத் தானே களவெடுப்பாரோ?"

"அதுதான் எனக்கும் இடிக்குது. பிள்ளை, அந்தத் தாளைக் கடைசியா ஆர் கேட்டது?"

"யாரும் கேக்க மாட்டாங்க மேடம். எல்லாரும் ஃபோட்டோ எடுத்து டாப்லெட்ல போட்டுத்தான் வாசிக்கறாங்க. காலால பெடலை மிதிச்சா பக்கம் மாறும். ஆ... ஆன்ஜெலிக் கேட்டாங்க. பசூன் வாசிக்கறவங்க. திங்கட்கிழமை அவங்க டாப்லெட் கீழ விழுந்து உடைஞ்சிருச்சு. 'நல்லதாப் போச்சு, கச்சேரில ஒரிஜினல் தாளையே வச்சு வாசிக்கறேன்'னாங்க. எல்லாரும் கை தட்டினோம்."

"எல்லாரும்?"

"சார் முதல்ல தட்டினார்."

கலாவதி மேசையிலிருந்த பேனையை மூடிவைத்தாள். வழக்கு ஒன்றில் நூல்முனை அகப்பட்டால் அவள் செய்யும் ஒரே ஆர்ப்பாட்டம் அது.

"பாத்தியோ லவன். சும்மா பெட்டிக்குள்ளை கிடக்கும்வரை அதை ஒருத்தரும் தொடேல்லை. ஒருத்தி அதை வச்சு வாசிக்கப்போறன் எண்ட அடுத்த நாள் காணேல்லை. பெறுமதிக்காக எடுக்கேல்லையடா. வாசிக்கக்கூடாது எண்டு எடுத்திருக்கு. அந்தப் பசூன்காரியைக் கூப்பிடு. வாத்தியத்தோடை வரட்டும்."

"எங்கை, இஞ்சையோ? உங்கட பத்திரம் சுவரை விட்டே இறங்கிப் போடும்."

"ஸ்ரீ அண்ணையின்ர கடைக்கு."

*

மதியச் சாப்பாட்டுக் கூட்டம் வடிந்த நேரம். ஸ்ரீஸ்கந்தராசாவின் உணவகத்தில் ஒரு மேசையைத் தவிர மற்றவை காலி. உள்ளே அவர் கொத்து ரொட்டி போட்டுக்கொண்டிருந்தார். இரும்புத் தகட்டில் ரொட்டியைக் கொத்தும் இரண்டு அலகுகளும் கதைத்துக்கொண்டே இருந்தன.

ஆன்ஜெலிக் நெட்டையான பெண். தோசையை முடித்துக் கையைத் துடைத்துவிட்டு, பெட்டியைத் திறந்து பசூனைப் பொருத்தத் தொடங்கினாள்.

"குழாய் திருத்த வந்த ஆள் மாதிரிக் கிடக்கு," என்று லவன் தமிழில் முணுமுணுத்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று அவள் பிரெஞ்சில் கேட்டாள்.

"அழகான வாத்தியம் என்கிறார்," என்றாள் கலாவதி, முகம் மாறாமல்.

தாள்கட்டின் படங்கள் ஆன்ஜெலிக்கின் ஃபோனில் அப்படியே இருந்தன. கட்டை விரித்துவைத்து, எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் தெரியும்படி எடுத்த படங்கள். லவனுக்கு முகம் மலர்ந்தது. "பிறகென்ன அக்கா? பிரிண்ட் எடுத்துக் குடுத்தால் கச்சேரி நடக்கும். கேஸ் முடிஞ்சுது."

"கச்சேரி நடக்கும். களவெடுத்தது இந்தப் பிள்ளை எண்ட பேர் எங்கை போகும்? பக்கத்து ஃபோன் கடையிலை எடுத்துக்கொண்டு வா. ஒற்றையா வேண்டாம். அசல் தாள் எப்பிடி இருந்துதோ அப்பிடியே முன்னும் பின்னுமா ஒட்டு."

பிரவீணா மேற்பார்வை பார்க்க, லவன் ஒட்டினான். விரலில் ஒட்டியது போக மீதி தாளில் ஒட்டியது. ஸ்ரீ அண்ணையின் மெனு அட்டைத் தாங்கி, இசைத் தாங்கியாகப் பதவி உயர்வு பெற்றது. ஆன்ஜெலிக் வாசிக்கத் தொடங்கினாள்.

முதலில், நல்ல நித்திரையில் இருக்கும் எருமை ஒன்று ஏதோ ஞாபகம் வந்து சிரிப்பது போலிருந்தது. வயலின்கள் மேலே துள்ளிக்கொண்டிருக்க, அடியில் நின்று பாரம் சுமக்கிற வேலை பசூனுக்கு. ஓய்வே இல்லை. வலப் பக்கத்தின் அடிக்கு வந்தாள். சுரங்கள் ஓடிக்கொண்டிருந்தன, இரண்டு கையும் வாத்தியத்தில், பத்து விரலும் பறந்தன. தாள் புரட்ட ஆளில்லை. பட்டென்று வாசிப்பை விட்டுவிட்டுப் புரட்டி, மறுபடி பிடித்தாள்.

"அந்தக் காலத்துல அப்படி ஒண்ணு ரெண்டு இடத்துல விட்டுட்டுப் புரட்டுவாங்க மேடம்," என்றாள் பிரவீணா.

அடுத்த வலப் பக்கத்தின் அடியும் அப்படியே. அதற்கடுத்ததும். ஒருமுறை முழங்கையால் தள்ளிப் பார்த்தாள், தாங்கி சாய்ந்தது. பிறகு மெதுவான இரண்டாம் பகுதி வந்தது.

லவன் சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்தவன், திறந்தபடியே இருந்தான். எருமையைக் காணவில்லை. தனக்குள் எதையோ நெடுநாளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒருவர், கேட்க யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு சொல்வது போல ஒரு மெட்டு எழும்பியது. உள்ளே அலகுகள் நின்றன. ஸ்ரீ அண்ணை எட்டிப் பார்த்தார்.

மெட்டு உச்சிக்கு ஏறியது. பக்கம் முடிந்தது.

ஆன்ஜெலிக் தாளை நாடியால் தள்ளினாள். அது வரவில்லை. வாத்தியத்தின் ஊது நாணலைக் கவ்விக்கொண்டே மூக்கால் முயன்றாள். தாள்கட்டு முழுவதும் நழுவி தோசைத் தட்டில் விழுந்தது. லவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவளுக்கும் முடியவில்லை, வாத்தியத்தை அணைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"இந்த இடத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுவதும் மௌனம்," என்றாள் மூச்சு வாங்கியபடி. "சிம்பொனியிலேயே நான் தனியாக வாசிப்பது இங்கே மட்டும்தான். சரியாக நடுவில் தாள் புரட்ட வேண்டும். லுப்ரேவாலின் பசூன்காரருக்கு மூன்று கையா?"

பிரவீணா சிரிக்கவில்லை. விழுந்த தாள்கட்டை எடுத்துத் துடைத்தாள்.

"மற்ற வாத்தியங்களிலை ஏன் இது தெரியேல்லை?" என்று கேட்டாள் கலாவதி.

"வயலின், செல்லோ எல்லாம் ஒரு தாளுக்கு ரெண்டு பேர் உக்காருவாங்க. ஒருத்தர் வாசிக்க, ஒருத்தர் புரட்டுவார். ஓபோ, ஹார்ன் ஊதறவங்களுக்கு நிறைய ஓய்வு இருக்கு. பசூன் மட்டும்தான் ஒத்த ஆள், ஓய்வே கிடையாது." ஒரு பக்கத்தின் அடியில் விரலை வைத்தாள். "அந்தக் காலத்துல தாள் எழுதறவங்க இதைத்தான் முதல்ல பார்ப்பாங்க மேடம். ஓய்வு வர்ற இடத்துல பக்கத்தை முடிப்பாங்க. அதுக்காக அரைப் பக்கம் காலியா விட்டுட்டுக்கூட நிறுத்துவாங்க. எத்தனை தாள்ல பார்த்திருக்கேன்! இதை நான் எப்படிப் பார்க்காம விட்டேன்?"

"எதிலை படிச்சனீர்?"

"...ஸ்கிரீன்ல."

"இதைப் போலியா எழுதினவரும் உம்மட சார்தான். பக்கம் எண்டால் காலாலை மிதிச்சால் மாறும் எண்டு பழகின ஆள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தாளும் மையும் தேடிப் பிடிச்சிருக்கிறார். புரட்டுறதுக்குக் கை வேணும் எண்டதை மறந்திட்டார். இவ ஒரிஜினலை வச்சு வாசிக்கப்போறன் எண்ட அண்டைக்குத்தான் அவருக்கு அது உறைச்சிருக்கு."

"அப்ப லுப்ரேவால்?" என்றான் லவன்.

"அந்தாள் பாவம். இதிலை சம்பந்தமே இல்லை."

"அப்போ என் குறிப்பு?" என்றாள் பிரவீணா.

கலாவதி பிழையைப் பூசி மெழுகுகிற ஆள் இல்லை. "பிழை, பிள்ளை," என்றாள். பிறகு லவனிடம், "உபதலைவருக்கு ஃபோன் எடு. தாள் அகப்பட்டிட்டுது, வந்து பாருங்கோ எண்டு சொல்லு."

*

வைத்தியநாதன் வந்தார். வண்ணத்துப்பூச்சிப் பட்டி அவருக்கு முன்னால் வந்தது. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டினார். கைக்குட்டையை எங்கே வைப்பது என்று பார்த்துவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்தார். தோல்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"குட். எங்கே அகப்பட்டது?" என்றார். "இது ஏதோ தொலைஞ்சுபோன பேப்பர் இல்லை, புரியுதா? ஐரோப்பிய நாகரிகத்தோட ஒரு அத்தியாயம்."

"அந்த அத்தியாயத்திலை கொஞ்சம் சட்னி பட்டிட்டுது சேர்," என்றான் லவன்.

கலாவதி பிரிண்ட் எடுத்த தாளை விரித்து, விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னாள். பக்கங்கள் முடியும் இடங்கள், புரட்ட முடியாத கை, கார் து நோர் ரயில் நிலையத்தில் பெட்டி இருந்த மடி. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு மடிப்பும் கலையவில்லை.

"ரொம்ப சாமர்த்தியம்," என்றார். "அசட்டுத்தனமான நகல்காரர்கள் எல்லா நூற்றாண்டிலும் இருந்திருக்கிறார்கள், மேடம். ஆதாரம்?"

லவன் தன் பங்குக்குக் குத்திப் பார்த்தான். "ஆர் எழுதினாலும் சேர், அந்த முதல் பகுதி மாடு இருமின மாதிரி. எழுதினவனுக்குச் சங்கீதம் வரவே வராது."

வைத்தியநாதன் புன்னகைத்தார். திட்டு வாங்கிப் பழகிய புன்னகை. அதில் தூண்டில் மாட்டவில்லை. "அபிப்பிராயம் சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு தம்பி. பிரவீணா, ஐயாம் சாரி. மதாமைத் தடுக்கப் பார்த்தேன், அவங்க கேக்கல." எழுந்தார். கைக்குட்டையை மடித்தார். கதவுப் பக்கம் திரும்பினார்.

பிரவீணா சுவரில் சாய்ந்தாள். கலாவதி கூட ஒரு கணம் கையைப் பிசைந்ததை லவன் பார்த்தான். அக்காவிடம் வேறு சீட்டு இல்லை.

அப்போதுதான் ஆன்ஜெலிக் வாயைத் திறந்தாள். தமிழில் நடந்த சண்டையில் பெயர்களும் சைகைகளும்தான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். அவள் யாரையும் பிடிக்க நினைக்கவில்லை. மனதில் இருந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"எனக்கு அது யார் எழுதியது என்பது முக்கியமில்லை, முசியே. வாழ்நாளெல்லாம் மற்றவர்களுக்குக் கீழே நின்று உறுமுகிறேன். அந்த இரண்டாம் பகுதியில் ஒரு முறை எல்லாரும் வாயை மூடிக்கொண்டு என்னைக் கேட்கிறார்கள். பசூனுக்கு இவ்வளவு அன்பாக ஒருவரும் எழுதியதில்லை. எழுதியவர் செத்துப்போய்விட்டார் என்றுதான் வருத்தம். இருந்திருந்தால் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன்."

கதவில் கை வைத்திருந்த வைத்தியநாதன் திரும்பினார். தலை தானாகத் தாழ்ந்தது.

"மெர்சி," என்று நன்றி சொன்னார்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

கலாவதி ஒரு நாற்காலியை இழுத்து விட்டாள். இந்தமுறை அவர் தூசி தட்டவில்லை. தோல்பையைத் திறந்து, பழுப்புத் தாள்கட்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"கிழிச்சுப் போட்டிருக்கணும். அடுப்புக்கிட்ட வரைக்கும் கொண்டுபோனேன். முடியல."

"ஏன் சார்?" என்றாள் பிரவீணா.

"என் பேர்ல அனுப்பிப் பார்த்தேன்மா. வருஷக்கணக்கா. ஒரு ஆர்கெஸ்ட்ராவும் கவரைக்கூடப் பிரிக்கல. செத்தவன் பேர்ல குடுத்தேன், ஹால் ஃபுல்."

"அது இல்ல சார். என்னை ஏன்?"

அவர் தாள்கட்டின் ஓரத்தைத் தடவினார். "உனக்குச் சின்ன வயசு, எப்படியும் எழுந்துருவேன்னு..." என்று தொடங்கி நிறுத்தினார். "போலீஸ் வரைக்கும் போகும்னு நினைக்கல."

"மதாமுக்கு ஃபோன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டார். உள்ளே கொத்து மறுபடி தொடங்கியிருந்தது. மதாம் ஜெனவியேவின் குரல், மேடையில் பூங்கொத்து வாங்குகிற குரல், மேசை நடுவிலிருந்து எழும்பியது. வைத்தியநாதன் பிரெஞ்சில் சொன்னார்: தாளை எடுத்தது நான், சிம்பொனியை எழுதியதும் நான்.

பிறகு குரல் இறங்கியது. "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?"

"இருக்கிறார்கள்."

"அப்படியானால் நீங்கள் இதைச் சொல்லவே இல்லை. தாள் கிடைத்தது, மகிழ்ச்சி. அந்தப் பெண் மீது புகார் கிடையாது. அவளுடைய கார்டுக்கான கடிதத்தில் இன்றே கையெழுத்திடுகிறேன். ஞாயிறு சந்திப்போம். வானொலியில் நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? இந்த மண்ணின் மழையில் நனைந்த ஒருவனால்தான் இப்படி எழுத முடியும் என்றேன்."

"நனைஞ்சது மெய்தானே," என்று லவன் கலாவதியின் காதருகே சொன்னான். "ஸ்டேசன்லை குடையில்லாமல் நிண்டிருப்பார்."

கலாவதி பிரவீணாவைப் பார்த்தாள். "பிள்ளை, நீர் கேட்டு வந்தது கிடைச்சிட்டுது. புகாரும் இல்லை, கார்டும் கையிலை. விருப்பமெண்டால் எழும்பிப் போகலாம். நான் குறை சொல்லமாட்டன்."

பிரவீணா எழவில்லை. அன்று முழுவதிலும் முதல் தடவையாக அசையாமல் இருந்தாள்.

"அந்தக் குறிப்புக்குக் கீழ என் பேர் இருக்கு மேடம்," என்றாள். ஃபோனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பிரெஞ்சுக்கு மாறினாள். "மதாம், பிரவீணா பேசுகிறேன். என் குறிப்பு தவறு. திருத்தி எழுதி இன்று மாலையே அனுப்புகிறேன். பழையதையே அச்சிட்டால், ஞாயிற்றுக்கிழமை மேடைக்கு வந்து இந்தத் தாளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டுவேன். என் கடிதத்தில் நீங்கள் கையெழுத்திடாவிட்டாலும் வருவேன்."

மறுமுனையில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

"லுப்ரேவால் இல்லையென்றால்," என்றது குரல், பூங்கொத்தெல்லாம் உதிர்ந்து, "அந்த இடத்தில் யாருடைய பெயரைத்தான் போடுவது?"

பிரவீணா ஃபோனை வைத்தியநாதனுக்கு முன்னால் நகர்த்தினாள். "நீங்களே சொல்லுங்க சார்."

பிரதம விருந்தினரை அறிமுகப்படுத்துகிறேன் என்று ஒலிவாங்கியைப் பிடித்தால் மண்டபமே காலியாகும்வரை விடாத மனிதர். இப்போது ஃபோனை இரண்டு தடவை நேராக்கினார். கடைசியில் தன் பெயரைச் சொன்னார்.

"யார்?" என்றது ஃபோன்.

மறுபடி சொன்னார். அலகுச் சத்தத்தில் அது பாதி வழியிலேயே போய்விட்டது.

"கேட்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுங்கள்."

லவன் குசினிப் பக்கம் திரும்பிக் கத்தினான்: "ஸ்ரீ அண்ணை, கொத்தைக் கொஞ்சம் நிப்பாட்டுங்கோ! அந்தாள் பேர் சொல்லுது."

சத்தம் நின்றது. வைத்தியநாதன் கழுத்துப் பட்டியைத் தளர்த்திக்கொண்டு, வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் எழும்பும் பையனைப் போல எழுந்து நின்று, முதல் எழுத்திலிருந்து தொடங்கினார்.